பதினெட்டு மணி நேரத் தூரம்

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பெட்டி வேணும். அண்ணன் வெளிநாட்டுலேர்ந்து வரணும்" என்று ஐஸ்பெட்டிக்காரரிடம் அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாசலில் கார் வந்து நின்றது. அண்ணன் இறங்கினான்.

விடியற்காலையில் அப்பா போனதும் அவனுக்குத்தான் முதலில் போன் செய்தாள். "இப்பவே கிளம்பறேன்" என்று அழுதான். இப்போது மணி பத்துகூட ஆகவில்லை.

விமானத்தில் பதினெட்டு மணி நேரம். தெருவுக்கே மனப்பாடம். மகன் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டால்கூட அப்பா தூரத்தைத்தான் சொல்வார், ஏதோ அதைச் சொந்தமாக வாங்கிப் போட்டதுபோல.

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பெரியப்பா அதை விடுவாரா? ஒரே ஒருமுறை, அதுவும் அடுத்த ஊருக்கு, விமானத்தில் போய்வந்தவர்.

"அங்க இன்னும் நேத்திக்குத்தானே நடக்குது? அவன் நேத்தே கிளம்பிட்டான். காத்தும் பின்னாலேர்ந்து தள்ளியிருக்கும்."

"அப்ப இவர் போறதுக்கு முன்னாடியே சேதி போயிடுச்சா?" என்றாள் அத்தை.

"விஞ்ஞானம் தெரியாம பேசாதே."

அண்ணன் அப்பாவின் கால்மாட்டில் நின்று விம்மினான். சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. பிறகு போனைப் பார்த்துக்கொண்டே அவள் இருந்த உள்ளறைக்கு வந்தான். வரும்போதெல்லாம் இந்த ஊர் பிளக் சேரவில்லை என்று சலித்துக்கொள்வான். அதற்காகவே அப்பா ஒரு அடாப்டர் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். அவள் அதை எடுத்து நீட்டுவதற்குள் அவன் சார்ஜரை நேராகச் சுவரில் செருகிவிட்டான். கச்சிதமாகப் பொருந்தியது.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நீ வந்து எத்தனை நாளாச்சு?"

"பத்து நாள்... ஆபீஸ் வேலையா வந்தேன். முடிச்சிட்டு வரலாம்னு இருந்தேன். சொன்னா அப்பா எதிர்பார்ப்பாரேன்னுதான்..."

"எதிர்பார்த்தார். நேத்து ராத்திரி கிளம்பிட்டானான்னு கேட்டார். வானத்துல இருக்கான்ப்பான்னு சொல்லித் தூங்க வெச்சேன்."

அண்ணன் வாயைத் திறந்தான். அதற்குள் பெரியப்பா கதவருகே வந்துவிட்டார்.

"பதினெட்டு மணி நேரம் உக்காந்தே வந்திருக்கான், கால் வீங்கியிருக்கும். ஒரு பாயைப் போட்டுக் குடும்மா. கொஞ்சம் கட்டையைச் சாய்க்கட்டும்."

அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் பாயை எடுக்கத் திரும்பியதும், "ஆமா பெரியப்பா, ரொம்ப தூரம்" என்றான்.

அவள் ஒற்றைக் கையால் பாயை உதறி விரித்தாள். தலையணையைப் போட்டாள். அவன் படுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

மூடியிருந்த மறு கையைப் பிரித்தபோது உள்ளங்கையில் மூன்று குழிகள் பதிந்திருந்தன. அடாப்டரை முந்தானையில் துடைத்தாள். இழுப்பறையில் அப்பா வைத்திருந்த இடத்திலேயே திரும்ப வைத்து, சத்தமில்லாமல் மூடினாள்.