பெயின்ட் டின் சுவர்

பம்பு மெக்கானிக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவன் மனைவிக்கோ அதுதான் பிழைப்பு. ஸ்டியரிங்கைத் தொடவே நடுங்கிய எத்தனையோ பெண்களைத் தைரியமாகச் சாலையில் இறக்கிவிட்டவள் அவள். தெருவில் எல்லாருக்கும் அவள் டீச்சர்.

"ஊருக்கே கத்துக்கொடுக்கிறேன், கட்டின புருஷன் மட்டும் பக்கத்து சீட்டை விட்டு நகர மாட்டேங்கிறார்" என்பாள்.

"வீட்டையே நீதானே ஓட்டுற, இதுல காரு வேறயா?" என்பான் அவன்.

அவரவர் காரை அவரவரே கழுவிக்கொள்ளும் நிலையம் ஒன்றைப் போட வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. டோக்கனைப் போட்டால் தண்ணீர் பீய்ச்சியடிக்கும், அடுத்த பொத்தானுக்கு நுரை வரும். இயந்திரமெல்லாம் அவன் பொறுப்பு. வரைபடத்தை அவளுடைய தம்பி போட்டான். அவன் ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபவன். இடம் பார்ப்பதை மட்டும் டீச்சர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

சந்தைக்குப் பக்கத்தில் தம்பி பார்த்து வைத்திருந்த மூலைமனையைக் காலையும் மாலையும் காரில் கடந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இது வேலைக்குப் போற பக்கம்டா. அந்த அவசரத்துல எவன் காரைக் கழுவுவான்? வீட்டுக்குத் திரும்புறப்பதான் அந்த நினைப்பே வரும்."

கடைசியில் அவளே ஓர் இடத்தைப் பிடித்தாள். வீடு திரும்பும் பக்கம், வளைவு தாண்டி. எதிரே அடுக்குமாடிகள், அங்கே கார் நிறுத்துமிடத்தில் ஒரு குழாய்கூடக் கிடையாது. மனை நீளமானது, வரிசை உள்ளேயே நிற்கும், சாலையை அடைக்காது. காற்றில் பறக்கும் சாரல் பின்னாலிருந்த கிடங்கின் சுவரில்தான் போய் விழும்.

"சரியான இடம்கா. கண்ணு உனக்குக் கண்ணு!" என்றான் தம்பி.

காங்கிரீட் போடும் முன் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். விடுமுறை நாள் காலையில் தம்பி தரையில் சுண்ணாம்புக் கோடுகள் இழுத்தான். மூன்று தடங்கள். சுவர் வரும் இடங்களில் காலி பெயின்ட் டின்களை அடுக்கினான். கார் தடத்தின் பின்முனையில் நுழைந்து, கழுவிவிட்டு, முன்னால் வெளியேற வேண்டும், ரிவர்ஸே கூடாது.

டீச்சர் முதல் தடத்தில் நுழைந்தாள். தடாலென்று இடப்பக்க டின் உருண்டது.

"டீச்சரே ஃபெயிலா!" என்று மெக்கானிக் கைதட்டிச் சிரித்தான்.

"தடம் குறுகலா இருக்கு. அகலப்படுத்துடா."

தம்பி டின்களைத் தள்ளி வைத்தான். மறுபடியும் இடப்பக்கமே சரிந்தது. அவள் இறங்கி வந்து டின்னைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். "என்னை ஏமாத்த நகத்தி வச்சியா?"

"சத்தியமா இல்லக்கா."

"இரு, நானே நிக்கிறேன்" என்று மெக்கானிக் டின்னை எடுத்துவிட்டு அதன் இடத்தில் நின்றுகொண்டான். அவள் மெதுவாக வந்தாள். அவன் விளையாட்டாகக் கையை ஆட்டினான். கார் நிற்கவில்லை. "ஏய்!" என்று கத்திக்கொண்டே அவன் பின்னால் குதித்தான். கண்ணாடி அவன் சட்டையை உரசிக்கொண்டு போனது.

தடத்தின் நடுவில் பிரேக் போட்டு நிறுத்தி, ஜன்னலை இறக்கினாள். "கத்தினது நீங்களா? எங்க நின்னீங்க?"

அவன் கதவைத் திறந்து அவளை இறங்கச் சொன்னான். தம்பி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

கண் மருத்துவர் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் அவள் முகத்தை வைத்து, புள்ளி புள்ளியாக வெளிச்சம் காட்டி, தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போயிருந்தது. நேராகப் பார்ப்பது தெரியும். ஓரங்கள் போய்விட்டன, இடப்பக்கம் அதிகமாக. வலி இருக்காது, அதனால்தான் தெரியாமலே இவ்வளவு தூரம் வந்துவிட்டது என்றார். போனது திரும்பாது. மிச்சத்தைச் சொட்டு மருந்தால் முடிந்தவரை காப்பாற்றலாம்.

"வண்டி?" என்று கேட்டாள்.

"இன்னையோட விட்டுடுங்கம்மா."

பேருந்தில் திரும்பும்போது அவள் ஒன்றுதான் சொன்னாள். "போன வாரம் ஒரு பொண்ணு, டீச்சர் சைக்கிள் சைக்கிள்னு அலறுச்சு. பயந்தாங்கொள்ளின்னு அதட்டினேன்." அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் மாணவிகளுக்கெல்லாம் போன் போட்டு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். காரணம் கேட்டவர்களிடம் ஒளிக்கவில்லை.

சில நாள் கழித்துச் சாவியை அவன் முன்னால் வைத்தாள்.

"கிளம்புங்க. காங்கிரீட் வர்றதுக்குள்ள மனை காலியாத்தான கிடக்கு."

"எனக்கு இனிமே எங்க வரப்போகுது?"

"என் கண்ணு முழுசாப் போறதுக்குள்ள வந்தாகணும்."

அந்த வெற்றுமனையில் அவன் கார் ஓட்டக் கற்றான். கிளட்சை விட்டதும் கார் துள்ளும். அவள் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு திட்டுவாள். திட்டும்போது அவள் பழைய டீச்சராகவே இருந்தாள். அதற்காகவே அவன் சில தப்புகளைத் தெரிந்தே செய்தான். அது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

நிலையம் திறந்தது. வடிகால் சரிவும் மண் தேங்கும் குழியும் தம்பி போட்ட கணக்குப்படியே வேலை செய்தன. அவள் சொன்னபடியே மாலையில் வீடு திரும்பும் கார்கள் வந்து நின்றன. "இடம் பாத்துக் கொடுத்த கைக்கு வளையல் போடணும்கா" என்றான் தம்பி. சிரித்தாள். ஆனால் அங்கே அதிகம் வரவில்லை. இரையும் தண்ணீருக்கும் நகரும் கார்களுக்கும் நடுவில் நடப்பது அவளுக்குப் பயமாக இருந்தது. பயம் என்ற வார்த்தையை அவள் வாயிலிருந்து அவன் முதன்முதலாக அப்போதுதான் கேட்டான்.

பரிசோதனைக்கு அவன்தான் ஓட்டிக்கொண்டு போவான். வழியெல்லாம் "கியரை மாத்துங்க", "பின்னாடி கண்ணாடியப் பாருங்க" என்று வந்துகொண்டே இருக்கும். நாளாக ஆகக் குறைந்தது. ஒருநாள் மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

"என்ன, இன்னைக்குப் பாடம் கிடையாதா? அவ்வளவு நல்லாவா ஓட்டுறேன்?"

"ரோடு தெரிஞ்சாத்தான சொல்ல முடியும்?" என்றாள், சாதாரணமாக.

அவன் காரை ஓரங்கட்டினான். ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான். அவள் தடவித் தடவி அவன் தோளைத் தேடி, கையை அங்கேயே வைத்திருந்தாள். பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான்.

"வழியை அடைச்சிட்டு நிக்கறீங்க போல" என்றாள். "மெதுவா எடுங்க."