சபாநாயகர் துள்ளி எழுந்த காரணம்

அன்று என்ன கிழமை என்பது சரியாக நினைவில்லை. மெத்தை பச்சையா நீலமா என்பதிலும் எனக்குச் சந்தேகம்தான். ஊசி விஷயத்தில் மட்டும் சந்தேகம் கிடையாது.

எங்கள் தெருத் தையல்காரரின் அப்பாவும் தையல்காரர்தான். நாட்டின் முதல் சட்டசபை கூடுவதற்கு முந்தைய நாள், சபாநாயகர் நாற்காலிக்கு மெத்தை தைத்துக் கொடுத்தவர். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஊசியில் ஒன்று குறைந்தது. உள்ளே வைத்துத் தைத்துவிட்டோம் என்று புரிந்தும் பயத்தில் வாயைத் திறக்கவில்லை. சாகும்போது மகனிடம் மட்டும் சொன்னார். மகன், கல்யாணமான புதிதில், அதை மனைவியின் அண்ணனான மச்சானிடம் சொல்லித் தொலைத்தார்.

மச்சான் வக்கீல் குமாஸ்தா. ஆதாரம் எங்கே மாப்பிள்ளை என்று இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தையல்காரரின் மனைவியோ எந்தப் பக்கமும் பேசியதில்லை. பேச்சு அந்தத் திசைக்குத் திரும்பினாலே அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார். மச்சான் நம்பாததுகூடத் தையல்காரருக்குப் பெரிதில்லை. இவளாவது நம்புகிறாளா என்பதுதான் உள்ளே குத்திக்கொண்டிருந்தது.

பழைய சட்டசபையைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டதும் முதல் வாரமே மூவரும் போனார்கள். முதல் சபாநாயகர் நல்ல பருமன் என்றார் வழிகாட்டிப் பெண். சபை நடக்கும்போது திடீரென்று ஆவேசமாகத் துள்ளி எழுவாராம். அப்பேர்ப்பட்ட தேசபக்தியாம். தையல்காரர் மச்சானைப் பார்த்தார். மச்சான் கூரையைப் பார்த்தார்.

விரும்பியவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒல்லியாக நாலு பேர் உட்கார்ந்தார்கள், சிரித்தார்கள், எழுந்துபோனார்கள். ஒன்றும் ஆகவில்லை.

“பாத்தீங்களா மாப்பிள்ளை? கேஸ் தள்ளுபடி,” என்று மச்சான் மேடையேறினார். அவருக்கும் சபாநாயகர் உடம்பு.

அவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குனிந்தபோது, தையல்காரரின் மனைவி இருபது வருஷத்தில் முதல்முறையாக அந்த விஷயத்தில் வாயைத் திறந்தார்.

“அண்ணா, பாத்து உக்காருங்க.”

தையல்காரருக்கு அது போதும். ஊசி இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன என்று அவர் நினைத்து முடிப்பதற்குள் மச்சான் துள்ளி எழுந்தார். அவருக்கு அவ்வளவு தேசபக்தி அதுவரை வந்ததேயில்லை.

ஊசியை எடுத்த கையோடு ஆஸ்பத்திரியில் அவருக்கு இன்னொரு ஊசி போட்டார்கள். வழிகாட்டி வேறு அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போனார். மெத்தையின் ஊசி கண்ணாடிப் பெட்டிக்குள் போயிற்று. தையல்காரரும் மனைவியும் கடைசிவரை அதே கடையை நடத்தினார்கள். மச்சான் அங்கே வந்தால் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போனார்.