தம்பெரே பரவாயில்லை

எங்கள் தம்பெரேக்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையும் வாய்விட்டுப் புகழ மாட்டார்கள். என் தங்கைக்கு இரட்டைக் குழந்தை பிறந்தபோது அப்பா தொட்டிலை எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "பரவாயில்ல" என்றார். தங்கை சந்தோஷத்தில் அழுதே விட்டாள். அதற்குமேல் ஒரு பாராட்டு எங்கள் ஊரில் கிடையாது.

ஹில்லாவோ துர்க்கு ஊர்க்காரி. அவளுக்கு எல்லாமே 'ஆஹா'தான். கதவின் பித்தளைக் கைப்பிடிக்கு ஒரு ஆஹா, டிராம் பாலத்தில் திரும்பும்போது கிறீச்சிடுவதற்கு ஒரு ஆஹா. பைன் மரங்கள் அடர்ந்த மேட்டில் ஒரு பழைய கல் கோபுரம் இருக்கிறது. அதன் அடியில் உள்ள கடையில் ஒரு வருடமாக டோனட் சுடுகிறாள். அவள் தலைமுடியில் எப்போதும் ஏலக்காய் வாசம். நான் ஓஸ்மோ, வயது முப்பத்தாறு, புகைபோக்கி துடைப்பவன். அந்தக் கடைக்குப் புகைபோக்கியே கிடையாது. ஆனாலும் வாரத்துக்கு நான்கு முறை போய்வந்தேன். எனக்குப் பைத்தியம் பிடித்திருந்தது, வேறென்ன!

அவளிடம் ஒரு வார்த்தை சொன்னேனா? ம்ஹூம். நான் தம்பெரேக்காரன்.

அப்படியிருக்க, துர்க்குவிலிருந்து அவள் மாமாவின் போன் வந்தது. அவருடைய பேக்கரியை அவள் வந்து எடுத்து நடத்த வேண்டுமாம். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கூப்பிடுவார், வருகிறாளா இல்லையா என்று அப்போதே சொல்லிவிட வேண்டும். வரவில்லை என்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார். இதை ஹில்லா எனக்கு டோனட் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"அப்படியா" என்றேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வெளியே வந்ததும் எனக்கு வேர்த்துக் கொட்டியது, மைனஸ் பன்னிரண்டு டிகிரியில். அவளுக்கு இந்த ஊரைப் பிடித்துப்போனால் போகமாட்டாள் என்று கணக்குப் போட்டேன். நேரே ஏரிக்கரை சௌனாவுக்கு ஓடினேன். சனிக்கிழமைதோறும் நாங்கள் கூடும் வெந்நீராவிக் குளியல் கூடம் அது. அங்கே அடுப்பைப் பார்த்துக்கொள்பவள் ரௌனி அக்கா. என் நண்பன் எஸ்கோ டிராம் ஓட்டுகிறான். மார்கெட்டா சந்தையில் எங்கள் ஊருக்கே உரிய கறுப்பு ரத்த சாசேஜ் விற்கிறாள். அன்று வெள்ளிதான், ஆனாலும் மூவரையும் வரவழைத்துப் பிடித்து உட்கார வைத்தேன்.

"நாளைக்கு ஹில்லாவ இங்க வரச் சொல்லப் போறேன். நம்ம ஊரப் பத்திக் கொஞ்சம் நல்லதா சொல்லுங்க. ஒரே ஒரு நாள். உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

"நல்லதான்னா?" என்றாள் ரௌனி அக்கா, சந்தேகமாக.

"அழகா இருக்கு, அருமையா இருக்கு, அப்படி."

எஸ்கோ முகத்தைச் சுளித்தான். "யோவ், அதெல்லாம் சொன்னா கூச்சமா இருக்கும்யா."

"கூச்சப்பட்டுக்கிட்டே சொல்லு!"

சரி என்று தலையாட்டினார்கள். நானும் நம்பினேன், முட்டாள்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஹில்லா மஞ்சள் நீச்சல் உடையில், தலையில் கம்பளித் தொப்பியோடு வந்து எங்களுக்கு நடுவே பலகைப் படியில் உட்கார்ந்தாள். ரௌனி அக்கா கல்லில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டாள். ஆவி எழுந்து காது மடலைச் சுட்டது.

"ஆஹா! என்ன சூடு, என்ன சூடு!" என்றாள் ஹில்லா. பிறகு எஸ்கோ பக்கம் திரும்பினாள். "தினமும் டிராம்ல ஊரையே சுத்துறீங்க. எது ரொம்ப நல்லா இருக்கும்?"

நான் எஸ்கோவின் விலாவில் இடித்தேன். அவன் தொண்டையைச் செருமினான். காது சிவந்தது.

"ரோடு இருக்கு" என்றான். "ரெண்டு பக்கமும் கட்டடம் இருக்கு."

மார்கெட்டா உதவிக்கு வருவாள் என்று பார்த்தேன். அவள் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டே, "குளிர்காலம் கொஞ்சம் நீளம்தான். மத்தபடி ஒண்ணும் பெருசா இல்ல" என்றாள்.

"கோடை?"

"அது சீக்கிரம் முடிஞ்சிரும்."

ரௌனி அக்கா இன்னும் ஒரு படி மேலே போனாள். "நான் பொறந்ததே இங்கதான். வேற ஊர் பாக்கல. அதனால இதுவே போதும்னு விட்டுட்டேன்."

அடப்பாவிகளா! எனக்கு அவர்கள் மூவரையும் ஏரியில் அமுக்க வேண்டும் போலிருந்தது. அதற்கு வசதியும் இருந்தது. கரையிலிருந்து மரப்பாலம் நீட்டி, அதன் முனையில் பனிக்கட்டியை வெட்டிக் குளிக்க ஒரு துளை போட்டிருந்தார்கள். வரிசையாகப் போய் முங்கினோம். ஹில்லா மட்டும் கத்திக்கொண்டே முங்கினாள். மேலே ஏறியதும் எங்கள் ஐவர் மேலும் ஆவி பறந்தது.

ஹில்லா துண்டைப் போர்த்திக்கொண்டு பெருமூச்சு விட்டாள். "சரிதான். உங்க ஊர்ல ஒண்ணுமில்லன்னு நீங்களே சொல்றீங்க. மாமாவும் அதையேதான் சொல்வாரு. தம்பெரேல என்ன இருக்கு, செங்கல்லும் சாசேஜும்னு. துர்க்குல கோட்டை இருக்கு, ஆறு இருக்கு, எழுநூறு வருஷப் பழமை இருக்கு."

மார்கெட்டாவின் மூக்கு விடைத்தது.

"செங்கல்லா? யம்மா, நவம்பர் மாசம் நாலு மணிக்கு அருவி ஓரம் நின்னு பாத்திருக்கியா? ஊரே இருட்டிப் போயிருக்கும். பருத்தி ஆலைச் செவுரு மட்டும் தணல் மாதிரி செவந்திருக்கும். கோட்டையாம் கோட்டை!"

"எங்க பெரிய சர்ச்சுக் கோயிலுக்குள்ள போயிருக்கியா?" என்று எஸ்கோ பாய்ந்தான். "செவுத்துச் சித்திரத்துல எலும்புக்கூடுங்க பூச்செடிக்குத் தண்ணி ஊத்துது! அதுவும் எவ்வளவு பாசமா! சாவே தோட்டக்காரனா வேலை பாக்குற கோயில் உங்க ஊர்ல இருக்கா?"

"டிராம்காரா, நீ கோயிலோட நில்லு. மலைமேட்டுத் தெருதான் எல்லாத்துக்கும் மேல" என்றாள் ரௌனி அக்கா. கரண்டியை இன்னும் கையில் வைத்திருந்தாள். "ஆலைத் தொழிலாளிங்க கெடச்ச பலகைய வச்சுக் கட்டின வீடு. ஒரு வீடாவது நேரா நிக்குதா? இல்ல! அதுதான் அழகு! நூத்துக் கணக்குல படிக்கட்டு, படிக்கு ஒரு பூனை!"

"கோணல் வீட்டுல என்ன அழகு? கிழக்கால அமுரி பக்கம் போய்ப் பாருங்க, பழைய மரவீடு எல்லாம் ஒழுங்கா..."

"அமுரியா! அங்க மிச்சம் இருக்கறதே அஞ்சு வீடு!"

"மைனஸ் இருபத்தஞ்சுல அருவி ஆவி விடுமே, பாலத்து விளக்குக் கம்பமெல்லாம் வெள்ளை வெளேர்னு..."

"அதைவிட மே மாசம்! ஐஸ் ஒடையற சத்தம்!"

"ஜூன்! ராத்திரியே கெடையாது, என் புருஷன் பதினோரு மணிக்குப் புல்லு வெட்டுவான்!"

"அவன் வெட்டுறதாலதான் தெருவே தூங்கல!"

என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை. நீச்சல் உடையில், ஈரத்தலையில் பனி உறைய, மூன்று பேரும் மரப்பாலத்தின் மேல் ஏறி ஆளுக்கொரு திசையில் கையை நீட்டிச் சண்டை போடுகிறார்கள். சௌனாவிலிருந்து இன்னும் பத்துப் பேர் வேடிக்கை பார்க்க வெளியே வந்தார்கள். அவர்களும் கட்சி பிரிந்தார்கள். ஒரு தாத்தா துண்டு அவிழ்ந்ததுகூடத் தெரியாமல் துப்பாக்கிக் குண்டு வார்த்த பழைய கோபுரத்துக்காக வாதாடினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இத்தனை வருடம் எங்கேடா வைத்திருந்தீர்கள் இதையெல்லாம்!

ஹில்லா சிரிக்கவில்லை. சௌனாவின் வெளிச்சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். நான்காக இரண்டு நிமிடம்.

"எல்லாரும் சொல்லிட்டாங்க" என்றாள் என்னிடம். "நீ?"

கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. என் பல் கிடுகிடுவென்று அடித்தது, குளிரில் பாதி, பயத்தில் பாதி.

"நான் கூரை மேலதான் இருப்பேன்" என்றேன். "மலைமேட்டுல நின்னா ரெண்டு பக்கமும் ரெண்டு ஏரி தெரியும். பதினாறு வருஷமா அது போதும்னு இருந்தேன். இப்ப ஏறினதும் நான் ஏரியைப் பாக்கறதில்ல. பைன் மேட்டைத்தான் பாக்கறேன். கோபுரத்துக்கிட்ட வெள்ளையா ஆவி கெளம்பினா நீ எண்ணெய் காய வச்சிட்டன்னு அர்த்தம். அதுக்கப்புறம்தான் எனக்கு ஊரே அழகாகும். ஞாயித்துக்கிழமை நீ லீவு. அன்னிக்கு இந்த ஊர் எனக்கு வெறும் செங்கல்தான். போகாத, ஹில்லா. எனக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும்."

ரௌனி அக்காவின் கையிலிருந்து கரண்டி நழுவிப் பாலத்தில் விழுந்தது. 'ரொம்ப' என்ற சொல்லை அந்தச் சௌனாவில் அதற்குமுன் யாரும் ஆவியைத் தவிர வேறெதற்கும் சொன்னதில்லை.

போன் அடித்தது. ஹில்லா துண்டுக்குள்ளிருந்து அதை எடுத்தாள். அவள் மாமாவுக்கும் வாய் பெரிது, கரை வரை கேட்டது.

"என்னம்மா, எப்ப வரே?"

"வரல மாமா."

"வரலையா! அடிப் பைத்தியக்காரி, அந்த ஊர்ல அப்படி என்னத்தக் கண்டுட்ட?"

ஹில்லா ஏரியைப் பார்த்தாள். ஆவி பறக்க நிற்கும் எங்கள் கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், அப்பா தொட்டிலைப் பார்த்த மாதிரி, ரொம்ப நேரம். இப்போது நூறு ஆஹா வரும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"பரவாயில்ல மாமா" என்றாள்.

"அவ்வளவுதானா? வெறும் பரவாயில்லையா?" என்று அவர் கத்தினார். பாவம், துர்க்குக்காரர்.

ரௌனி அக்கா துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். மார்கெட்டா எஸ்கோவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். என் கால் தரையில் நிற்கவில்லை. நிஜமாகவே நிற்கவில்லை. பாலத்தில் வழுக்கி, நேரே அந்தத் துளைக்குள் விழுந்திருந்தேன்.