ஒன்பது கேள்விக்கும் ஒரே பதில்

இரத்த வங்கியின் ஆய்வு நர்ஸுக்குக் காலை பதினொரு மணிக்கே தொண்டை கட்டிவிட்டது. இரத்தம் கொடுத்தவர்களை மறுநாள் ஒவ்வொருவராகப் போனில் அழைத்து ஒன்பது கேள்விகள் கேட்க வேண்டும். தலை சுற்றியதா, கண் இருட்டியதா, கீழே விழுந்தீர்களா, ஊசி போட்ட இடம் கன்றிப்போனதா. அடிக்கடி கொடுப்பவர்களுக்கு எவ்வளவு இடைவெளி விட்டால் ஆபத்தில்லை என்று கண்டுபிடிக்கத்தான் இந்த ஆய்வு. கண்டுபிடிக்க விட்டால்தானே?

முக்கால்வாசிப் பேர் கேள்வியையே முடிக்க விடவில்லை. "ஒண்ணுமில்லம்மா, நல்லா இருக்கேன்" என்று வைத்துவிட்டார்கள். "மயக்கமா, எனக்கா?" என்று ஒருவர் கோபித்துக்கொண்டார்.

எல்லாரிலும் மோசம் அவளுடைய சொந்த அண்ணன். லேத் பட்டறையில் வேலை. இதுவரை ஐம்பத்து மூன்று முறை இரத்தம் கொடுத்தவன்.

"தலை சுத்துச்சாண்ணா?"

"எல்லாத்துக்கும் இல்லைனு போட்டுக்கோ. இங்க மிஷின் ஓடுது."

"ஒவ்வொண்ணா கேக்கணும். அதுதான் என் வேலை."

"நான்தான் பதில் சொல்லிட்டேனே, அப்புறம் என்ன வேலை?"

பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்பது 'இல்லை'களைக் குறித்தாள்.

சாயங்காலம் அண்ணி கூப்பிட்டாள். "உங்கண்ணன் உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

"ஒண்ணுமில்லைனு சொன்னான்."

"சொல்லுவாரு. நேத்து இரத்தம் குடுத்துட்டு நேரா பட்டறைக்குப் போயிருக்காரு. போனதும் மயங்கி விழுந்துட்டாராம். முழங்கையில மூணு தையல். உன்கிட்ட வாயைத் திறக்கக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு வேற."

"எங்க விழுந்தான்? மிஷின் பக்கத்துலயா?"

"ரெண்டடி தள்ளி."

அவளுக்கு அவனை நாலு அறை அறையலாம் போல இருந்தது.

மறுநாள் காலை ஆய்வை நடத்தும் டாக்டரிடம் போய் நின்றாள். அவர் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். "கொடுத்தவரே சொல்லலியேம்மா. வீட்டுல சொன்னதை எங்க எழுதறது? அதுக்கு இதுல இடமில்லை."

"அப்ப அந்த மூணு தையலை எங்க எழுதறது டாக்டர்? நீங்க கேட்டா இல்லைங்கறாங்க, நான் கேட்டா இல்லைங்கறாங்க. இந்த லட்சணத்துல யாருக்குமே மயக்கம் வரலைன்னு நாம அறிக்கை எழுதப்போறோம். அதை நம்பி இன்னும் நாலு பேர் விழுவாங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். வீட்டில் இருக்கும் யாராவது ஒருவரிடமும் கேட்கலாம், ஆனால் கொடுப்பவரின் கையெழுத்தோடு என்று முடிவாயிற்று. மேலிடத்து அனுமதிக்கு மூன்று வாரம் நடையாய் நடந்தாள். வீட்டாரைக் கேட்கும் அந்தப் பத்தாவது கேள்வி வந்த முதல் மாதத்திலேயே, 'ஒண்ணுமில்லை' என்றவர்களில் பத்தொன்பது பேர் வீட்டிலோ வேலையிடத்திலோ மயங்கிச் சாய்ந்திருந்தது தெரிந்தது.

அண்ணனின் இரத்தத்தைப் பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் சரியாகத்தான் இருந்தது. உடம்பு சேர்த்து வைக்கும் இரும்புச்சத்துதான் அடிமட்டத்தில் கிடந்தது. ஒரு வருடம் கொடுக்கக் கூடாது என்று கடிதம் போயிற்று. கடிதத்தோடு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"உன் வேலைதானே இது?"

"என் வேலைதான்."

"மயக்கம்னு சொன்னா இனிமே குடுக்க வராதேன்னு சொல்லிடுவீங்கன்னுதானே சொல்லலை." குரல் இறங்கியது. "நாள் பூரா நட்டும் போல்ட்டும் கடையறேன். அது எந்த மிஷினுக்குப் போகுதுன்னுகூட எனக்குத் தெரியாது. இது ஒண்ணுதான் நேரா ஒரு மனுஷனுக்குப் போய்ச் சேருது."

இத்தனை வருடத்தில் அவன் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "ரெண்டடி இந்தப் பக்கம் விழுந்திருந்தா உனக்கு யாருண்ணா குடுத்திருப்பாங்க? அண்ணிக்கு ஊசியைப் பாத்தாலே மயக்கம் வரும்."

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். இரண்டு மாதம் பேச்சுவார்த்தையே இல்லை. அண்ணி பக்கத்தில் நின்று இரும்புச்சத்து மாத்திரையை விழுங்க வைக்கிறாள் என்று மட்டும் தகவல் வந்தது.

ஒரு மத்தியானம் அவனே கூப்பிட்டான்.

"இந்த மாத்திரை வயித்தைக் கட்டுது."

"தண்ணி நிறையக் குடி. சரியாகலைன்னா டாக்டரைப் பாரு."

மிஷினை விட்டுத் தள்ளி வந்து குரலைத் தாழ்த்தினான்.

"பட்டறையில இன்னும் மூணு பேர் என்னை மாதிரியே இருக்கானுங்க. வருஷத்துக்கு நாலு தடவை குடுப்பானுங்க, வெளியே மூச்சு விட மாட்டானுங்க. நம்பர் தரேன், கூப்பிட்டுப் பேசு. நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிடாதே."

அவள் போனைத் தோளில் இடுக்கி, நெற்றியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையால் பேனாவைத் தேடினாள்.