வீட்ல கேட்டுச் சொல்றேன்

1.

இந்தக் கதை எனக்கு ஒரு மெத்தைக் கடையில் கிடைத்தது. விலையைக் கேட்ட ஒருவர், "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்றார். அவருடைய மனைவி பக்கத்திலேயே நின்று மெத்தையை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் அசரவில்லை. தினமும் பார்ப்பார் போலிருக்கிறது.

2.

முதல் தொடக்கம்: "இல்லறப் பொருளாதாரத்தில் வெளிப்படைத்தன்மை என்பது நவீன மனிதனின் ஆகப்பெரிய—"

அடித்துவிட்டேன். கருத்தரங்கில் கைதட்டல் கிடைக்கும். வீட்டில் யாரும் படிக்கமாட்டார்கள்.

இரண்டாவது: "அவள் பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்தாள்." இது பரவாயில்லை. உட்காரட்டும்.

3.

டாக்டர் வாயைப் பார்ப்பார், காசு பேசமாட்டார். அது அவர் கௌரவத்துக்கு ஆகாது. பேசுவது அவள் வேலை. தொகையைச் சொன்னதும், வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று எழுந்து போவார்கள். இனி வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

ஒருநாள் கன்னத்தைப் பிடித்தபடி வந்தவன் அவள் கொழுந்தன். முன்பெல்லாம் ஞாயிறு தவறாமல் வீட்டுக்கு வருவான். சில மாதங்களாக எட்டிப் பார்க்கவில்லை. என்ன தப்பு செய்தோம் என்று அவளுக்கு உள்ளூர ஒரு முள்.

"வாங்க தம்பி! எங்களையெல்லாம் மறந்தாச்சா?"

"பல்லு வலிக்குது அண்ணி" என்றான், சுவரிடம் சொல்வதுபோல.

டாக்டர் பார்த்து முடித்ததும் தொகையைச் சொன்னாள்.

"வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்றவன், போகிற போக்கில், "எங்க வீட்ல கேட்டா யோசிச்சாவது பதில் சொல்லுவா. உங்கள மாதிரி எடுத்த எடுப்புல முடியாதுன்னு குதிக்கமாட்டா" என்றான்.

"நானா? எதுக்கு?"

"கார் லோனுக்கு அண்ணன் ஜாமீன் கையெழுத்து போடறதுக்குத்தான். அவரு பாவம், பேனாவோட ரெடியா இருந்தாராம்."

கார் விஷயமே அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

[இங்கே அவள் அழுவதாக ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டேன். அடுத்த நோயாளி மேஜை முன்னால் நின்றுகொண்டிருந்தார்.]

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க தம்பி. நேர்ல பேசிக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

4.

கணவனை வில்லனாக்கத்தான் திட்டம். அவர் கண்ணாடிக்கடையில் ஃப்ரேம் பொருத்துகிறவர். யார் மூக்குக்கும் வலிக்காமல் திருகாணி முடுக்குகிறவர். வில்லனுக்கு ஆகிற கை இல்லை. இருந்தாலும் சமையலறையில் நிறுத்தினேன்.

"என்னைக் கேட்டீங்களா?"

"இல்ல."

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீ 'போடுங்க, நம்ம தம்பிதானே'ன்னுடுவ. அவன் ரெண்டு மாசம் ஓட்டுவான், மூணாவது மாசம் வண்டி நிக்கும். தவணை நம்ம தலையில."

அப்படித்தான் சொல்லியிருப்பாள். அது வேறு அவளுக்குக் கோபத்தைக் கூட்டியது.

"அப்ப முடியாதுன்னு நீங்களே சொல்ல வேண்டியதுதானே?"

"அவன் மூஞ்சியப் பாத்து எப்படிம்மா சொல்றது?"

"அதனால என் மூஞ்சியக் குடுத்துட்டீங்க."

நல்ல அடி. இதற்கு மேல் இரண்டு பக்கம் அவள் பேசுவதாக இருந்தது. ஆனால் பாதி மூச்சில் அவளுக்குத் தன் தங்கை ஞாபகம் வந்துவிட்டது.

தங்கை துணிக்கடை போடக் கூட்டுச் சேரச் சொல்லிக் கேட்டிருந்தாள். "எனக்கு ஆசைதான்டி. அவருதான் காசு விஷயத்துல கல்லு" என்று போனில் சொன்னவள் இவளேதான். அந்தக் கல்லிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை; கேட்டால் கையிலிருப்பதைத் தூக்கிக் கொடுத்துவிடுவார். அவள் போனில் பேசிய நேரத்தில் கல் எதிரே உட்கார்ந்து, ஹெட்செட்டில் பாட்டுக் கேட்டபடி, அவளுடைய மூக்குக்கண்ணாடியைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தது.*

"நானும் ஒண்ணு சொல்லணும்" என்றாள். சொன்னாள்.

"கல்லா? நானா?" என்றார் அவர். பிறகு, "அதான் போன தடவை உன் தங்கச்சி எல்லாருக்கும் காப்பி குடுத்துட்டு எனக்கு மட்டும் சக்கரை போடலியா?" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வில்லனும் போனான், சண்டையும் போனது.

(* இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்திருப்பது கதைக்காரனின் வசதி என்பீர்கள். வசதிதான். அதைச் சொல்வதற்கு முன்னால் உங்கள் வீட்டு மைத்துனர் ஏன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று கொஞ்சம் யோசியுங்கள்.)

5.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்தான். கன்னம் இன்னும் வடியவில்லை. "அண்ணி, ஒரே கேள்வி. கையெழுத்து வேணாம்னு சொன்னது ஏன்?"

முடிவு ஒன்று: கணவன் உண்மையை ஒப்புக்கொள்கிறார். அவள் பெயர் மீள்கிறது. தம்பி போய்விடுகிறான்.

முடிவு இரண்டு: அவளே பழியை ஏற்றுக்கொள்கிறாள். அண்ணனுக்குத் தம்பி மிஞ்சுகிறான். அவளுக்கு—

முடிவு மூன்று: கையெழுத்துப் போடுகிறார்கள். பத்திரிகை ஆசிரியருக்கு இதுதான் பிடித்திருக்கிறது. தவணையை அவர் கட்டப்போவதில்லை.

மூன்றையும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தபோது அவர்கள் எனக்காகக் காத்திருக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல், ஒரே மூச்சில் சொன்னார்கள்:

"நான்தான் வேணாம்னேன்."

தம்பி அண்ணனைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். அவன் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. கன்னம் அப்படி வீங்கியிருந்தது.

அவன் எழுந்து போனானா, உட்கார்ந்து இன்னொரு காப்பி கேட்டானா? நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: தனியாக முடிவெடுக்காதீர்கள்.

வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள். நிஜமாகவே கேட்டுவிட்டு.