படத்துக்குப் போடாத மாலை

பெரிய மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருக்கும் சக்கரபாணி, ஊரில் யார் யார் வீட்டுப் படத்துக்கோ மாலை கட்டிக் கொடுத்திருக்கிறார். தன் பெண்டாட்டி படத்துக்கு மட்டும் ஒரு முழம் பூ வைத்ததில்லை. "பூ யாவாரி ஊட்டுப் படத்துல பூ வாடக்கூடாதும்மா" என்று மகள் கார்குழலியிடம் ஒரு சாஸ்திரம் சொல்லி வைத்திருந்தார். அது அவரே எழுதிக்கொண்ட சாஸ்திரம். விஷயம் என்னவென்றால், பெண்டாட்டி ஹேமலதா சாகவில்லை. உயிரோடு இருக்கிறவள் படத்துக்கு மாலை போட யாருக்குத்தான் கை வரும்?

"உன்னப் பெத்த அன்னிக்கே கண்ண மூடிட்டா." மூன்று வயதில் அம்மா எங்கே என்று குழந்தை கேட்டபோது, வாயில் வந்த பொய் இது. அப்புறம் அதைக் கட்டிக் காப்பதே மனுஷனுக்குப் பெரும்பாடாகிவிட்டது. நல்ல வேளையாக, அவரைத் தெரிந்தவர்கள் எல்லாம் பழைய வீடு இருந்த கருவடிக்குப்பத்தில். இப்போது குடியிருக்கும் நெல்லித்தோப்பில் யாருக்கும் எதுவும் தெரியாது.

இந்த வருஷம் பெண் விடவில்லை. அவளுக்குப் பதினாறு முடியும் நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. "அம்மா செத்த நாளுப்பா. இந்த வாட்டி நானே படையல் போடறேன். நீ மாலை மட்டும் கொண்டா" என்று சொல்லிவிட்டாள். அப்பாவின் பெட்டியில் கிடந்த சின்னப் படத்தை ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கிச் சட்டமும் போட்டுவிட்டாள்.

அன்று காலை கடையில் சக்கரபாணி சாமந்தி மாலையை மூன்று தடவை கட்டி மூன்று தடவை பிரித்தார். மாலையைப் போட்டால் அவளை உயிரோடு கொன்ற பாவம். உண்மையைச் சொன்னால் பெண் இனி தன் முகத்தில் விழிக்க மாட்டாள். எப்படியோ நாலாவது தடவை கட்டி எடுத்துக்கொண்டு, பத்து மணிக்கு வீடு வந்து சேர்ந்தார்.

வடை, பாயசம் எல்லாம் இலையில் தயாராக இருந்தது. கார்குழலி ஸ்டூல் மேல் நின்று படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கீழே கையை நீட்டினாள்.

"குடுப்பா."

அவர் கொடுக்கவில்லை. "வேணாம்மா. உங்கம்மா சாவல."

சொல்லியாயிற்று. இனி மென்று முழுங்கி என்ன பிரயோசனம்? நின்றபடியே மிச்சத்தையும் கொட்டினார்.

"நான் அப்ப குடிப்பேன். குடிச்சுட்டு அவள அடிப்பேன். உனக்கு எட்டு மாசம் இருக்கும், ஒரு நாளு தாங்க முடியாம எழுந்து போயிட்டா. உன்னத் தூக்க வந்தா, நான் உடல. ரெண்டு தபா வந்து அழுதா. மூணாந்தபா வரதுக்குள்ள ஊட்டயே மாத்திட்டேன். இப்ப கடலூர்ல தையல் கடை வச்சிருக்காளாம்."

ஸ்டூல் பறந்து வரும் என்று நினைத்தார். கார்குழலி மெதுவாக இறங்கித் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்ப நான் பொறந்தப்போ அவங்களுக்கு ஒண்ணும் ஆவலியா?"

"ஒண்ணும் ஆவல. மூணாம் நாளே, ஆஸ்பத்திரி சோத்துல உப்பு இல்லன்னு சண்டைக்குப் போனா."

"நான் அவங்கள முழுங்கலயா?"

"இன்னாம்மா சொல்ற?"

"எதிர் ஊட்டு ஆயம்மா சொல்வாங்கப்பா. பொறக்கும்போதே ஆத்தாள முழுங்கிட்டு வந்தவன்னு. சின்னதுலருந்து சொல்வாங்க."

சக்கரபாணிக்கு இப்போதுதான் விளங்கியது. பிறந்தநாளுக்குப் புதுத்துணி வேண்டாம் என்பாள், பள்ளிக்கூடத்துக்கு மிட்டாய் கொண்டுபோக மாட்டாள். எங்க பொண்ணு மாதிரி சமத்து யாருக்கு வரும் என்று மார்க்கெட் முழுக்கப் பீற்றிக்கொண்டவர் அவர். தன் மானத்தைக் காப்பாற்றச் சொன்ன பொய்யை இந்தக் குழந்தை இத்தனை வருஷம் நெஞ்சில் சுமந்திருக்கிறது. அவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவளும் அழுதாள், ஆனால் நடுநடுவே சிரித்தாள்.

"உம்மேல கோவம் இருக்குப்பா. நெறைய இருக்கு. அத அப்பறமா படறேன்" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவங்க நம்பர் இருக்கா?"

"உங்கம்மா கூடப் பொறந்த கோபிநாத் மாமா நம்பர் இருக்கு. அவர கேட்டா குடுப்பாரு."

"எடுத்து வை. வந்துடறேன்."

படைப்பதற்கு முன்னால் வாயில் வைக்கக் கூடாத வடையில் ஒன்றை எடுத்து நறுக்கென்று கடித்தாள். மீதியைத் தட்டில் அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். இன்னும் அரை மணி நேரத்தில், சக்கரபாணி குடிகாரன், பெண்டாட்டியை அடித்தவன், பொய்யன் என்று நெல்லித்தோப்புக்கே தெரிந்துவிடும். கதவைச் சாத்திக்கொள்ளத்தான் எழுந்தார். கை சாத்தவில்லை. என்னவோ, மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இரண்டு கதவையும் நன்றாகத் திறந்து வைத்துவிட்டுப் போனில் மச்சான் நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

எதிர் வீட்டு வாசலில் அவள் குரல் தெருவுக்கே கேட்டது.

"ஆயம்மா, எங்கம்மா உயிரோட இருக்காங்க! இன்னிக்கு எனக்குப் பொறந்தநாளு. வடை எடுத்துக்குங்க!"