உதிராத கதிர்கள்

எனக்குப் புழு என்றாலே ஆகாது. கத்தரிக்காயில் ஒன்று நெளிந்தால் அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்காது. இப்படிப்பட்டவள் பூக்கடை வைத்தது தலையெழுத்துதான், வேறென்ன.

கடை இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்று கிடந்தது. பெரிய ஹோட்டலின் அலங்கார வேலை கிடைத்தால் பிழைக்கும், இல்லையென்றால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். ஹோட்டல் மேனேஜர் கேட்டது சம்புக் கதிர். குளத்துச் சேற்றில் வளரும் கோரையின் கதிர், தடவினால் வெல்வெட் மாதிரி இருக்கும். போன தடவை வேறு கடைக்காரர் வைத்த கதிர் வெடித்து, பஞ்சு விருந்தாளிகளின் சூப்பில் மிதந்ததாம்.

"ஒரு இழை உதிர்ந்தாலும் உங்களுக்கு வேலை கிடையாது" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

நானும் என்னோடு கடையில் நிற்கும் அண்ணியும் கட்டுக்கட்டாக வாங்கி, ஒவ்வொரு கதிராகத் தட்டிப் பார்த்தோம். பஞ்சு விட்டதெல்லாம் குப்பைக்குப் போயிற்று. இறுக்கமாக நின்றது மட்டும் ஹோட்டலுக்கு. பொறுக்கிய அழகை நானே மெச்சிக்கொண்டேன்.

சாப்பாட்டு அறையில் செருகும்போது ஒரு கதிர் ஜாடி விளிம்பில் பட்டு ஒடிந்தது. உள்ளே புழு! பழுப்புக் கோடு போட்ட கொழுத்த உடம்புகள், விதையைத் தின்று, தின்ற இடத்திலேயே கழிந்து, அதற்குள்ளேயே நெளிந்தன. பஞ்சை நூல் விட்டுத் தைத்து வைத்திருந்தன. உதிராததன் ரகசியம் இதுதான். நல்ல கதிரையெல்லாம் குப்பையில் கொட்டிவிட்டு, புழு வைத்ததாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறோம்.

"அண்ணி, புழு அண்ணி!"

"கத்தாதடி. அந்துப்பூச்சியோட புழு, சம்பைத் தவிர எதையும் தொடாது. வாயை மூடிக்கிட்டு சிரி, ஆள் வர்றாரு."

மேனேஜர் கதிரைத் தட்டினார். ஊதினார். பிறகு, ஐயோ, கன்னத்தில் வைத்துத் தேய்த்தார்.

"எவ்வளவு மெத்துன்னு இருக்கு! ஒண்ணுகூட உதிரலையே. இனிமே எல்லா ரூமுக்கும் நீங்கதாம்மா. ஆனா இதே தரம் இருக்கணும்."

அண்ணி சொன்னபடியே சிரித்துவைத்து, "சரிங்க சார்" என்றேன்.

கடை பிழைத்துவிட்டது. அந்துப்பூச்சி வெளியே பறப்பதற்குள் பழைய கதிரை எடுத்துவிட்டுப் புதிது வைக்கிறோம். எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் கை கூசுகிறது, சாப்பாட்டைக் கரண்டியால்தான் எடுக்கிறேன்.

நேற்று வந்த கதிர்க் கட்டுகளில் தட்டியதெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. கொண்டுவந்தவரைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கிவிட்டேன்.

"ஏங்க, ஒண்ணுலகூடப் புழு இல்லையே, இதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"